கழலாத ஸ்டாண்டு

கள்ளிக்குப்பத்து வீட்டை விட்டுக் கிளம்பும்போது இக்னேஷியஸின் ஸ்கூட்டரில் செல்போன் ஸ்டாண்டு இருக்காது. அம்பத்தூர் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டின் பின்பக்கம், பூட்டிக் கிடக்கும் ஒரு குடோன் மதிலோரம் போய் நின்ற பிறகுதான் அது முளைக்கும். சீட்டைத் தூக்குவார். பழைய பனியனில் சுற்றி வைத்திருக்கும் ஸ்டாண்டையும் பதினாலாம் நம்பர் ஸ்பானரையும் எடுப்பார். வலது பக்கக் கண்ணாடியின் தண்டைத் திருகிக் கழற்றி, ஸ்டாண்டின் இரும்பு வளையத்தை அந்த ஓட்டை மேல் வைத்து, கண்ணாடியை மறுபடி முடுக்குவார். போனைச் செருகிவிட்டு, அக்கம்பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டு, பைக் டாக்சி ஓட்டப் புறப்படுவார். சாயங்காலம் அதே மதிலோரத்தில் அதே வேலை தலைகீழாக நடக்கும். வீட்டு வாசலுக்கு வரும் வண்டி, கம்பெனிக்குப் போய்வந்த வண்டியாகவே வந்து நிற்கும்.

கம்பெனி என்று ஒன்று இப்போது இல்லை. இருக்கிறது, ஆனால் அது ஒரகடம் பக்கம் போய்விட்டது, போகும்போது இக்னேஷியஸை அழைத்துப் போகவில்லை. பொங்கல் முடிந்த கையோடு எஸ்டேட் ஷெட்டை இழுத்து மூடினார்கள். ஐ.டி.ஐ. முடித்த நாளிலிருந்து அங்கே ஃபிட்டராக இருந்தவர். மிஷினில் எந்த போல்ட் எந்த மாதிரி முனகும் என்று தெரிந்த ஆளுக்கு, சால்வை போட்டுக் கணக்கு முடித்துக் கொடுத்தார்கள். அந்தச் சால்வையை அவர் வீட்டுக்குக் கொண்டுபோகவில்லை, டீக்கடைக்காரரிடம் கொடுத்துவிட்டார்.

பொய் சொல்ல வேண்டும் என்று அவர் திட்டம் போட்டுச் செய்யவில்லை. நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம் என்றுதான் அன்றைக்கு வாயை மூடிக்கொண்டு சாப்பிட்டார். நாளைக்கு என்று ஒன்று தினமும் இருந்துகொண்டே இருந்தது, அதுதான் அவரைக் கெடுத்தது.

காரணம் மகன் யூஜின். பாலிடெக்னிக்கில் கடைசி வருஷம். அவனுடைய கூட்டாளி தினகரன் படிப்பைப் பாதியில் விட்டுவிட்டுச் சாப்பாடு டெலிவரிக்குப் போய், புது வண்டி, புது ஷூ என்று தெருவில் சுற்றுகிறான். அதைப் பார்த்ததிலிருந்து யூஜினுக்கு வகுப்பில் கால் தரிக்கவில்லை. நானும் போறேன் பா, நானும் போறேன் பா என்று ஒரே பாட்டு. ஒவ்வொரு தடவையும் இக்னேஷியஸ் ஒரே வாக்கியத்தைச் சொல்லித்தான் அவனைத் திருப்பி அனுப்புவார்: "ஊட்ல சம்பாதிக்க நான் கீறேன். நீ படி." அந்த வாக்கியம் நிற்பதற்குக் கம்பெனி வேண்டும். கம்பெனி இல்லை என்று தெரிந்தால் பையன் மறுநாளே புத்தகத்தைப் பரணில் போட்டுவிடுவான் என்று அவர் பயந்தார். அந்தப் பயத்தில்தான் மாதக்கணக்காக ஒரு கண்ணாடியைக் கழற்றுவதும் மாட்டுவதுமாக ஒரு மனிதர் மதிலோரம் நின்றுகொண்டிருந்தார்.

தெரிந்த முகம் எதுவும் கண்ணில் படக் கூடாது என்பதற்காக அம்பத்தூர்ப் பக்கமே சவாரி எடுக்க மாட்டார். போரூர், ஐயப்பன்தாங்கல், காட்டுப்பாக்கம், பூந்தமல்லி என்று மேற்கிலேயே சுற்றுவார். அந்தப் பக்கம் மெட்ரோவுக்காகத் தோண்டிய சாலைகள் இருக்கும் இருப்பு, ஸ்டாண்டுக்கு ஆகவில்லை. அதற்கு மேல், தினமும் கழற்றி மாட்டினால் எந்த மரைதான் தாங்கும்? கண்ணாடி இறங்கும் ஓட்டை அலுமினியம், தண்டு இரும்பு. அலுமினிய மரை தேய்ந்து வழவழத்துவிட்டது. எவ்வளவு முடுக்கினாலும் அரை மணி நேரத்தில் ஸ்டாண்டு தானாகச் சுற்றத் தொடங்கும். வேறு யாராவது இப்படி ஒரு மரையைப் பாழடித்திருந்தால் இக்னேஷியஸ் அவனை நிற்க வைத்துத் திட்டியிருப்பார். தன் கையாலேயே செய்துகொண்டிருப்பதால் பல்லைக் கடித்துக்கொண்டார்.

புரட்டாசி வெயில் தார்ச்சாலையைக் காய்ச்சிக்கொண்டிருந்த அன்றைக்கு, ஐயப்பன்தாங்கல் டிப்போ வாசலில் ஒரு பையன் ஏறினான். தோளில் லேப்டாப் பை, முகத்தில் அவசரம். பூந்தமல்லி தாண்டி ஏதோ ஒரு கம்பெனியில் இண்டர்வியூவாம். முதல் பள்ளத்தில் போன் கால்வாசி திரும்பியது. இரண்டாவது பள்ளத்தில் பாதி. மூன்றாவதில் அது ஓட்டுபவரை விட்டுவிட்டு, பின்னால் உட்கார்ந்திருப்பவனுக்கு முழுசாக முகம் காட்டியது.

"அண்ணா, மேப்பு என்னையே பாத்துகினு வருது. உங்களுக்கு வழி தெரியுமா தெரியாதா?"

"தெரியும் தம்பி. கொஞ்சம் கைய நீட்டி அந்தப் போன இப்டி திருப்பி உடேன்."

"நான் திருப்பணுமா? நல்லாக் கீது. அப்போ ஹேண்டில்பாரயும் நானே புட்சிக்கட்டுமா?"

ஒரு கையால் போனைப் பிடித்துக்கொண்டு ஓட்டினார். அந்த நேரம் பார்த்துத் திரும்ப வேண்டிய திருப்பத்தைத் தாண்டிவிட்டார். தகர வேலி வைத்து அடைத்த சாலையில் போய் முட்டி, திரும்பி வருவதற்குள் ஒரு தண்ணி லாரி குறுக்கே படுத்துக்கொண்டது. பையன் இறங்கியதும் போனில் ஏதோ அழுத்தினான். அடுத்த நிமிஷம் இக்னேஷியஸின் திரையில் ஒற்றை நட்சத்திரம் வந்து விழுந்தது. பையன் மேல் கோபப்படவும் முடியவில்லை. இண்டர்வியூவுக்குப் போகிற பிள்ளை, இவர் வயிற்றெரிச்சலையா பார்ப்பான்?

குமணஞ்சாவடி டீக்கடையில் ஹேமநாதன் உட்கார்ந்திருந்தான். ஒரே ஷெட்டில் ஒரே பெஞ்சில் வேலை பார்த்த கூட்டாளி. கணக்கு முடித்த அன்றே வீட்டுக்குப் போய், பெண்டாட்டி பிள்ளைகளைக் கூட்டி வைத்துச் சொல்லி, சேர்ந்து அழுது, மறு வாரமே லிஃப்ட் மெயின்டனன்ஸ் வேலைக்குப் போய்விட்டவன். இக்னேஷியஸும் அப்படியே செய்துவிட்டதாகத்தான் அவனிடம் சொல்லி வைத்திருந்தார். பொய்யில் இது இரண்டாவது கிளை.

"இன்னா மச்சான், மூஞ்சி இஞ்சி துன்ன மாதிரி கீது?"

"இந்த ஸ்டாண்டுடா. சுத்திகினே கீது. ஒருத்தன் ஒத்த ஸ்டார் குத்திட்டுப் போறான்."

ஹேமநாதன் டீ கிளாசை வைத்துவிட்டு வந்து கண்ணாடித் தண்டைப் பிடித்து ஆட்டிப் பார்த்தான். அவன் முகம் அஷ்டகோணலாயிற்று.

"த்தூ, ஃபிட்டர் வண்டியாடா இது? மரை பூரா நாசமாக் கீது. தெனிக்கும் கழட்டி மாட்டினாத்தான் மச்சான் இப்டித் தேயும்."

"ரோடு அப்டி" என்றார் இக்னேஷியஸ் அவசரமாக.

"ரோட்டுக்கு மரை தேயுமா? யார்கிட்ட கத உட்ற நீ? சரி, குந்து. வட துன்னு."

மசால்வடை சூடாக இருந்தது. ஒரு கடி கடிப்பதற்குள் போன் அடித்தது. ஞானகுமாரி. பேருந்துகள் ஹாரன் அடிக்கும் சாலையோரத்தில் நின்று மனைவியிடம் பேச முடியாது. கம்பெனிக்குள் பேருந்து வராது அல்லவா? போனை எடுத்துக்கொண்டு, வடையை வாயில் அடக்கிக்கொண்டு, கடைக்குப் பின்னால் பாத்திரம் கழுவும் இடத்துக்கு ஓடினார்.

"இன்னாங்க, சாப்டீங்களா?"

"ம். லைன் ஓடிகினு கீது. சீக்கிரம் சொல்லு."

"இன்னிக்கி அன்பியம் நம்ம ஊட்லன்னு ஞாபகம் கீதா இல்லியா? ஆறு மணிக்கெல்லாம் ஜனங்க வந்துடும். ஷிஃப்டு உட்டதும் அங்க இங்க நின்னு பேசிகினு கெடக்காத வந்து சேருங்க. சுண்டல் ஊற வெச்சிகீறேன். அன்னம்மா ஆன்ட்டி ஊட்லேந்து யூஜினு சேரு எடுத்தாந்து போட்டுட்டான்."

தெருவில் உள்ள கத்தோலிக்கக் குடும்பங்கள் எல்லாம் முறை வைத்து ஒரு வீட்டில் கூடி ஜெபம் சொல்லும் கூட்டத்துக்கு அன்பியம் என்று பெயர். இந்த முறை தன் வீட்டில் என்பது இக்னேஷியஸுக்குச் சுத்தமாக மறந்துவிட்டது.

"வந்துட்றேன் வந்துட்றேன்."

"இன்னா, பஸ்ஸு சத்தம் கேக்குது?"

"லாரி. லோடு ஏத்த வந்துகீது. வை, சூப்பர்வைசர் வராரு."

பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த பெண் நிமிர்ந்து, சூப்பர்வைசர் எங்கே என்று பார்த்தாள். இக்னேஷியஸ் அவள் பார்வையைத் தவிர்த்துவிட்டுத் திரும்பி வந்தபோது, ஹேமநாதன் வேஸ்ட் துணியில் கையைத் துடைத்துக்கொண்டிருந்தான். அவன் பை திறந்து கிடந்தது. முகத்தில் கல்யாணத்தை முடித்து வைத்தவனின் திருப்தி.

"அட்ஜஸ் பண்ணிட்டேன் மச்சான். இனிமே புயலே அட்ச்சாலும் அசையாது. போ, போய் ஒயுங்கா ஓட்டு."

தொட்டுப் பார்த்தார். கல் மாதிரி நின்றது. தகட்டுத் துண்டு எதையாவது உள்ளே வைத்து முடுக்கியிருப்பான் என்று நினைத்துக்கொண்டு, இக்னேஷியஸ் கூட்டாளியின் தோளைத் தட்டிவிட்டுக் கிளம்பினார். மத்தியானம் முழுக்க சவாரி அமோகமாக ஓடியது. எந்தப் பள்ளத்துக்கும் போன் அசையவில்லை. அவர் பாட்டுக் கூட முணுமுணுத்தார்.

சாயங்காலம் வானம் மூட்டம் போட்டது. குடோன் மதிலோரம் வண்டியை நிறுத்தி, ஸ்பானரைப் போட்டுத் திருகினார். வரவில்லை. இன்னும் கொஞ்சம் அழுத்தினார். கண்ணாடி வரவில்லை. அதைப் பிடித்திருக்கும் அலுமினிய வார்ப்புதான் நெளிந்தது. பிரேக் லீவரும் அதே வார்ப்பில்தான் இருக்கிறது. இன்னும் ஒரு அழுத்து அழுத்தினால் கண்ணாடியோடு பிரேக்கும் கையில் வந்துவிடும் என்று அவர் கைக்குத் தெரிந்தது. குனிந்து பார்த்தார். மரையின் விளிம்பில் சிவப்பாக எதுவோ கசிந்து காய்ந்திருந்தது. பார்த்ததும் அவர் காதுமடல் இரண்டும் அதே நிறத்துக்கு வந்துவிட்டன. ஹேமநாதனுக்குப் போன் போட்டார்.

"ஹேமா, இன்னாடா பண்ணி வெச்ச?"

"ஏன் மச்சான், இன்னும் ஆடுதா?"

"ஆடலடா! அதான் கேக்கறேன். கழல மாட்டேங்குது."

"கழலக் கூடாதுன்னுதான போட்டேன். லிஃப்டு மோட்டாருக்குப் போட்ற பசை மச்சான். நீலம் தீந்துபோச்சு, செவப்புதான் பையில இருந்துது. கண்ணாடி, ஸ்டாண்டோட கை, அதும் முட்டி, எல்லா மரைக்கும் ரெண்டு ரெண்டு சொட்டு உட்டுட்டேன்."

"செவப்பாடா போட்ட?" இக்னேஷியஸின் குரல் அழுகைக்குப் பக்கத்தில் வந்தது. நீலப் பசை என்றால் ஸ்பானருக்கு விட்டுக்கொடுக்கும். சிவப்பு, ஜென்மத்துக்கும் கழற்ற வேண்டாத இடத்தில் போடுவது. இருபது வருஷத்துக்கு மேல் அதைத் தன் கையாலேயே மிஷின்களுக்குப் போட்டவர் அவர்.

"நெருப்பு காட்டினாத்தான் உடும். உனுக்குத் தெரியாததா? ஆமா, எதுக்கு இப்பக் கழட்ற?"

இக்னேஷியஸ் கையிலிருந்த ஸ்பானரைப் பார்த்தார். "தொடைக்கலாம்னு…"

"தொடைக்கவா? மாட்டிகினே தொடைடா. உனுக்கு இன்னா ஆச்சு?"

போனை வைத்துவிட்டு, ஹேமநாதனைப் பிய்த்து எறிந்துவிடலாம் போலிருந்த கோபத்தை அவர் மதில் மேல் காட்டினார். செருப்புக் காலால் ஓர் உதை. கட்டைவிரல்தான் வலித்தது.

எஸ்டேட் முனையில் முகமது இஸ்மாயிலின் பஞ்சர் கடை. இவர் வண்டியைத் தள்ளிக்கொண்டு போய் விஷயத்தைச் சொன்னதும் இஸ்மாயில் சிகரெட் லைட்டரை எடுப்பார் என்று பார்த்தால், இரண்டடி பின்னால் தள்ளி நின்றார்.

"பெட்ரோல் வண்டி அண்ணாத்தே. நெருப்புன்ற பேச்சே வேணாம். போன வருஷம் ஒருத்தன் அப்டித்தான் காட்டி, சீட்டு பூரா எரிஞ்சிபோச்சு."

"கொஞ்சூண்டு காட்டினா போதும் பாய். பிளாஸ்டிக்ல படாம நான் பாத்துக்கறேன்."

"நீ பாத்துக்குவ. கடைய யாரு பாப்பா? வேணா ரம்பம் போட்டு அறுத்துட்லாம். கண்ணாடி போவும், ஸ்டாண்டு போவும், அப்பால அந்தத் தண்டு உள்ளயே நின்னுக்கும். பரவால்லியா?"

பரவாயில்லை என்று சொல்ல வாயெடுத்தார். நாளைக்குக் காலையில் எதில் போனை மாட்டிப் பிழைப்பது என்று நினைத்ததும் வாய் மூடிக்கொண்டது. வண்டியை இங்கேயே விட்டுவிட்டு ஷேர் ஆட்டோவில் போய், பஞ்சர் என்று சொல்லிவிடலாமா? சொன்னால் யூஜின் அடுத்த நிமிஷமே வண்டியை எடுத்துவரக் கிளம்பிவிடுவான். வண்டி ஓட்டக் கிடைக்கிறது என்றால் அவனுக்குச் சோறு வேண்டாம். இஸ்மாயிலும் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கிற ஆள் இல்லை. தூறல் போடத் தொடங்கியது. ஞானகுமாரியின் அழைப்பு மறுபடி மறுபடி வந்துகொண்டிருந்தது. ஸ்டாண்டின் மேல் ஹெல்மெட்டைக் கவிழ்த்து மூடிவிட்டு, தலையில் மழையை வாங்கிக்கொண்டு, இக்னேஷியஸ் தன் வாழ்நாளிலேயே முதல்முறையாக ஹெல்மெட் போடாமல் வீட்டுக்குப் போனார்.

வாசலில் ஏற்கெனவே செருப்புகள் குவிந்திருந்தன. வண்டியைச் சுவரோரம் ஒட்டி நிறுத்தி, ஹெல்மெட்டை அப்படியே விட்டுவிட்டு உள்ளே நழுவப் பார்த்தார். விட்டால்தானே? பிள்ளைக்கு என்றைக்கும் இல்லாத பொறுப்பு அன்றைக்கு வந்தது.

"பா, ஹெல்மெட்டு மயைல நனையுது பாரு" என்று ஓடிப்போய் எடுத்த யூஜின், எடுத்த கையோடு கத்தினான். "ஐ! பா! ஸ்டாண்டு மாட்டிட்டியா? சோக்கா கீதே!"

வீட்டுக்குள் இருந்த தலைகள் எல்லாம் வாசல் பக்கம் திரும்பின. ஞானகுமாரி கரண்டியோடு வெளியே வந்தாள்.

"இது எதுக்குங்க உங்களுக்கு? தெனிக்கும் போற வழிக்கு மேப்பு வேணுமா?"

அத்தனை பேர் பார்த்துக்கொண்டிருக்கும்போது மனிதருக்கு மூளை வேலை செய்யாது, வாய் மட்டும் வேலை செய்யும்.

"கம்பெனில குடுத்தாங்க. இனிமே வெளி வேலைக்கு அனுப்பறாங்களாம். கஸ்டமருங்க எடத்துக்குப் போய் மிஷின் பாக்கணும். வழி தெரியணும்ல, அதுக்கு."

"அதுக்குப் பேரு சர்வீஸ் எஞ்சினியரு" என்றான் யூஜின்.

"எஞ்சினியரா?" பக்கத்து வீட்டு அன்னம்மாள் மார்பில் சிலுவை போட்டுக்கொண்டாள். "பாத்தியா ஞானம், நீ தவக்காலத்துல ஒருசந்தி நோம்பு இருந்தது வீண் போவல."

ஞானகுமாரியின் முகம் அப்படியே மலர்ந்துவிட்டது. அதை இல்லை என்று சொல்லக் கல்நெஞ்சம் வேண்டும். இக்னேஷியஸுக்கு அது இல்லை. நனைந்த சட்டையோடு, சுவரோரம் கிடந்த பிளாஸ்டிக் நாற்காலியில் போய் உட்கார்ந்தார்.

ஜெபமாலை முடிந்து, விவிலியம் வாசித்து, வந்தவர்கள் ஒவ்வொருவராகத் தங்கள் விண்ணப்பங்களைச் சொன்னார்கள். ஒருவருக்கு முழங்கால் வலி, ஒருவருக்கு மகளின் பிரசவம். ஞானகுமாரியின் முறை வந்தது. அவள் கண்ணை மூடிக்கொண்டாள்.

"என் ஊட்டுக்காரருக்கு அவரு உழைப்புக்கு ஏத்த ஒசந்த வேலையக் குடுத்த ஆண்டவருக்கு நன்றி சொல்லி, அவரு போற வழியெல்லாம் ஆண்டவர் தொண போவணும்னு மன்றாடுவோம்."

"ஆண்டவரே, எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்" என்றது வீடு முழுக்க ஒரே குரல். அதில் இக்னேஷியஸின் உதடும் அசைந்தது. அதைவிடக் கேவலமாக அவர் தன்னை என்றைக்கும் உணர்ந்ததில்லை.

தேங்காய்த் துருவலும் மாங்காய்ப் பல்லும் போட்ட பட்டாணிச் சுண்டல், இஞ்சி தட்டிய டீ. வந்தவர்கள் சாப்பிட்டு, எஞ்சினியர் சார், எஞ்சினியர் சார் என்று அவரைக் கேலியும் பெருமையுமாகக் கூப்பிட்டுவிட்டுக் கலைந்தார்கள். மழை விட்டிருந்தது. யூஜின் தரையில் காலை நீட்டி உட்கார்ந்து தன் போனை நோண்டிக்கொண்டிருந்தான்.

"பா, ஞாயித்துக்கெயம வண்டி சும்மாதான நிக்குது. ஸ்டாண்டும் வந்துச்சு. நான் பைக் டாக்சில பேரு குடுத்துடட்டா?"

"ஒத உயும். எத்தினி வாட்டி சொல்றது? ஊட்ல சம்பாதிக்க நான் கீறேன்ல?"

"கீற, யாரு இல்லன்னா? இப்ப எஞ்சினியரு வேற. நான் கைச்செலவுக்குத்தான் ஓட்டப் போறேன். படிப்ப உடறேன்னா சொன்னேன்?"

"வேணான்னா வேணாம்டா. அந்தப் போன வை."

யூஜின் வைக்கவில்லை. அவன் கேட்பதற்கு முன்னாலேயே பாதி தட்டி முடித்திருந்தான். ஆர்.சி. புத்தகத்தின் படம் அவன் போனிலேயே இருந்தது. இக்னேஷியஸ் நாற்காலியை விட்டு எழுவதற்குள் அவன் நெற்றியைச் சுருக்கினான்.

"இன்னாது இது? இந்த வண்டி நம்பரு ஏற்கெனவே வேற ஓட்டுநர் பேர்ல பதிவாயிருக்குன்னு வருது."

"தப்பாத் தட்டியிருப்ப" என்றார் இக்னேஷியஸ்.

"இல்ல பா, மூணு வாட்டி போட்டுட்டேன். அதான் வருது."

கூடத்தில் டீ டம்ளர்களை அடுக்கிக்கொண்டிருந்த ஞானகுமாரி நிமிர்ந்தாள். "அப்டின்னா? நம்ம நம்பர எவனோ போட்டுகினு ஓட்றானா?"

"அப்டித்தான் மா கீது."

"அடப்பாவி! நாளைக்கி அவன் எங்கனா போயி ஆள இட்சிட்டு ஓடிட்டா, போலீசு நம்ம ஊட்டு வாசல்லதான வந்து நிக்கும்? எழுந்துருங்க. ஸ்டேஷனுக்குப் போலாம்."

"காலைல பாத்துக்கலாம் ஞானம்."

"காலைல நீங்க கஸ்டமர பாக்கப் போவீங்க. இப்பவே எழுதிக் குடுத்துட்டு வந்துடலாம். டேய், பீரோலேந்து வண்டி பேப்பரு எட்றா."

சொல்லிக்கொண்டே அவள் முடியை அள்ளி முடிந்தாள். முந்தானையை இழுத்துச் செருகினாள். இவர் வாயைத் திறப்பதற்குள் வாசலில் இறங்கிச் செருப்பையும் மாட்டிக்கொண்டு, ஸ்கூட்டரின் பின் சீட்டு ஈரத்தைக் கையால் வழித்துவிட்டாள். "வாங்கன்றேன்! எவனோ ஒரு பொறுக்கி, நீங்க கஷ்டப்பட்டு வாங்குன வண்டி பேர்ல துன்னுகினு கீறான், உங்குளுக்குக் கோவமே வல்லியா?"

இக்னேஷியஸ் வாசற்படியில் நின்றார்.

"ஸ்டேஷனுக்கு வேணாம். அந்தப் பொறுக்கி நான்தான்."

அவள் சிரிக்கத் தொடங்கினாள். அவர் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டாள். செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து, கூட்டத்துக்குப் போட்ட நாற்காலி ஒன்றில் உட்கார்ந்தாள்.

"எப்பத்துலேந்து?"

"பொங்கல் முடிஞ்சதுமே மூடிட்டானுங்க."

"அப்ப ஈஸ்டருக்குக் கம்பெனில குடுத்தாங்கன்னு கேக்கு எடுத்தாந்தியே?"

"கடைல வாங்கினது."

"எங்கிட்ட பொய் சொன்ன, சரி. புருசன் பொண்டாட்டிக்குள்ள ஆயிரம் இருக்கும். இப்ப இங்க நான் கண்ண மூடிகினு அத்தினி பேரு முன்னாடி ஜெபத்துல சொன்னேனே, நீயும் கூடச் சேந்து பதில் சொன்னியே. என்னய ஆண்டவர்கிட்டயே பொய் சொல்ல வெச்சிட்டியேய்யா."

அவள் அழவில்லை. அழுதிருந்தால் அவருக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"இவனுக்காவத்தான் சொல்லல" என்று இக்னேஷியஸ் மகனைக் காட்டினார். "தெரிஞ்சா படிப்ப உட்டுட்டு வண்டில ஏறிக் குந்திக்குவான். ஒரு டிப்ளமா கைக்கு வந்துட்டா ஒரு வேலைல போய் நிப்பான். அது வரிக்கும் மறச்சிடலாம்னு பாத்தேன்."

யூஜின் பீரோவிலிருந்து எடுத்த வண்டிக் காகிதங்களைக் கையில் வைத்துக்கொண்டு நின்றிருந்தான். அவன் கேட்டதில் குத்தல் எதுவும் இல்லை. தெரியாமல்தான் கேட்டான்.

"நீயும் படிச்சிட்டுத்தான பா வேலைக்குப் போன?"

இக்னேஷியஸ் அவன் கையிலிருந்த காகிதங்களை வாங்கி மடித்து மறுபடி பீரோவில் வைத்தார்.

"உன் போனக் குடு" என்றான் யூஜின்.

"எதுக்கு?"

"சாயங்காலத்துலதான் பா சவாரி கொட்டும். தினகரன் சொல்வான். நீ கம்பெனி உட்ற டைமுக்கு ஊட்டுக்கு வரணும்னு அத்த உட்டுட்டு வந்துகினு கீற. நான் ஒரு ரவுண்டு போய்ட்டு வந்துட்றேன். என் பேர்லதான் ஏத்துக்கல, உன் பேர்லயே ஓட்டிட்றேன். ஆப்பு தொறக்கறப்ப மூஞ்சி கேக்கும், அத்த மட்டும் நீ காட்டிடு."

கூடாது என்று சொல்ல அவரிடம் இருந்தது ஒரே ஒரு வாக்கியம். இத்தனை நாள் அதை வைத்துத்தான் காலம் தள்ளினார். இப்போது அதைச் சொன்னால் அவருக்கே சிரிப்பு வந்துவிடும். ஞானகுமாரியைப் பார்த்தார். அவள் வேண்டாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், பையன் அடங்கிவிடுவான். அவள் சுவரில் இருந்த இருதய ஆண்டவர் படத்தைப் பார்த்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தாள்.

யூஜின் போனை அவர் முகத்துக்கு நேரே நீட்டினான். அவர் ஆத்திரத்தில் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"நேரா பாரு பா. கண்ணாடியக் கழட்டு. ஒரு வாட்டி கண்ண சிமிட்டு."

அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். மங்கலாகத் தெரிந்த மகனைப் பார்த்து ஒருமுறை கண்ணைச் சிமிட்டினார். போன் ஒரு சின்ன மணி அடித்து ஏற்றுக்கொண்டது. யூஜின் இரண்டே எட்டில் வாசலைத் தாண்டி, போனைச் செருகி, வண்டியைக் கிளப்பினான். தெரு ஈரத்தில் விளக்கு வெளிச்சம் சிதறிக் கிடந்தது. இக்னேஷியஸ் பின்னாலேயே ஓடினார். வண்டியை மறிக்கத்தான் ஓடினார், சாவியைப் பிடுங்கத்தான் ஓடினார். கேட்டருகில் போய் நின்றதும் அவர் வாயிலிருந்து வந்தது வேறு.

"டேய் யூஜினு, பூந்தமல்லி பக்கம் எடுக்காத! மயைக்குப் பள்ளம் பூரா ரொம்பியிருக்கும். ஆவடி ஸ்டேஷன் வாசல்ல போய் நில்லு, ரயிலு வந்ததும் ரெண்டு மூணு ஒட்டுக்கா உயும்!"

சொல்லி முடித்த பிறகுதான் தான் என்ன சொன்னோம் என்று அவருக்கு உறைத்தது. வாய்விட்டு அழ வேண்டும் போலிருந்தது. யூஜின் திரும்பிப் பார்க்காமல் ஒரு கையைத் தூக்கிக் காட்டிவிட்டு, முனையில் ஆவடி பக்கமாகவே வண்டியைத் திருப்பினான்.